பழைய பிக்கப்பில் பிரேக் லைட் தொல்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதாரண்யம் உப்பும் நாகப்பட்டினம் மீனும் மாறி மாறி ஏற்றிய ஒரு பிக்கப் என்னிடம் இருக்கிறது. வயது 16. இந்த இரண்டு சரக்கும் வண்டியின் பின்பக்க ஒயரிங்கை என்ன பாடு படுத்தும் என்பதை மழைக்காலத்துக்கு மழைக்காலம் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் டாடா 207, பொலேரோ பிக்கப், தோஸ்த் என்று வைத்திருக்கும் நண்பர்கள் பிரேக் லைட் போனால் முதலில் எனக்குத்தான் போன் போடுகிறார்கள். அவர்கள் கேட்டதும் நான் சொன்னதும்தான் கீழே இருப்பவை. கம்பியின் நிறமும் ஃபியூஸ் இருக்கும் இடமும் மாடலுக்கு மாடல் மாறும், அதனால் அதில் இறங்கவில்லை. 12 வோல்ட் வண்டி எதுவானாலும் சோதிக்கும் முறை ஒன்றுதான்.

பிரேக் லைட் எரியவில்லை. முதலில் எதைக் கழற்றுவது?

எதையும் கழற்ற வேண்டாம். முதலில் பாருங்கள். எந்தப் பக்கம் எரியவில்லை, எரிகிற பக்கம் எப்படி எரிகிறது, பிரேக் பிடிக்கும்போது வேறு ஏதாவது விளக்கு மினுக்குகிறதா என்று பார்த்து ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

காரணம் இதுதான். பேட்டரியில் கிளம்பும் மின்சாரம் ஒரு ஃபியூஸ் வழியாக பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் ஸ்விட்ச்சுக்கு வருகிறது. பெடலை மிதித்ததும் ஸ்விட்ச்சின் உள்ளே கான்டாக்ட் சேர்கிறது. அங்கிருந்து ஒரே கம்பியாக சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) ஓரமாகப் பின்னால் ஓடி, கடைசியில்தான் இடது, வலது என்று பிரிகிறது. பல்பைத் தாண்டியதும் எர்த் வழியாக, அதாவது பல்பை சேஸிஸ் இரும்போடு சேர்க்கும் இணைப்பு வழியாக, சேஸிஸில் இறங்கி பேட்டரி மைனஸுக்குத் திரும்புகிறது.

ஆகவே இரண்டு பக்கமும் எரியவில்லை என்றால் கோளாறு பிரிவதற்கு முன்னால் இருக்கிறது: ஃபியூஸ், ஸ்விட்ச், சேஸிஸ் ஓரத்துக் கம்பி. ஒரு பக்கம் மட்டும் என்றால் பிரிந்த பிறகு: பல்ப், ஹோல்டர், அந்தப் பக்கத்து எர்த். மங்கலாக எரிந்தாலோ சம்பந்தமில்லாத விளக்கு சேர்ந்து எரிந்தாலோ பெரும்பாலும் எர்த். எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால் ஸ்விட்ச்.

இதில் ஒரு ஏமாற்று உண்டு. இரண்டு பல்பும் போயிருந்தாலும் இரண்டு பக்கமும் எரியாது. ஒரு பல்ப் போய் மூன்று மாதம் ஆகியிருக்கும், யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இன்னொன்று இன்று போயிருக்கும். நமக்கு இன்றுதான் தெரிந்தது என்பதற்காக இரண்டும் இன்றே போனதாக நினைத்துவிடக் கூடாது.

கூட ஆள் இல்லை. பெடலை மிதித்துக்கொண்டே பின்னால் எப்படிப் பார்ப்பது?

சாயங்காலம் இருட்டும் நேரத்தில் வண்டியின் பின்பக்கத்தைச் சுவரை ஒட்டி நிறுத்திக் கண்ணாடியில் பாருங்கள். சுவரில் சிவப்பு இரண்டு திட்டாக விழும். ஒரு திட்டு குறைந்தால் உடனே தெரியும். பின்னால் போய் வேலை செய்ய வேண்டுமானால் சீட்டின் முன்விளிம்புக்கும் பெடலுக்கும் நடுவே அளவான ஒரு கட்டையைச் செருகுங்கள். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுச் செய்யுங்கள். போன் இருந்தால் பின்னால் வைத்து வீடியோ எடுத்தும் பார்க்கலாம்.

சில வண்டிகளில் சாவி போட்டால்தான் பிரேக் லைட் எரியும், சிலவற்றில் சாவி இல்லாமலும் எரியும். அதனால் சோதிக்கும்போதெல்லாம் சாவியை ஆன் செய்துவிடுங்கள். இது தெரியாமல் ஒரு நண்பர் நல்ல ஸ்விட்ச்சைக் கழற்றிவிட்டு எனக்குப் போன் செய்தார்.

என்னென்ன சாமான் வேண்டும்?

ஒரு டெஸ்ட் லேம்ப் போதும். கடையில் வாங்க வேண்டியதுகூட இல்லை. பழைய ஹோல்டர் ஒன்றில் 5 வாட் பல்பைப் போட்டு, இரண்டு முழம் கம்பி இரண்டு இழுத்து, ஒன்றில் முதலைக் கிளிப்பும் இன்னொன்றில் கூர்மையான ஆணியும் வைத்தால் ஆயிற்று. மல்டிமீட்டர் இருந்தால் நல்லது, ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. ஒரே ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் கம்பியிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். டெஸ்ட் லேம்ப் உண்மையாகவே கொஞ்சம் மின்சாரத்தை இழுத்து எரிய வேண்டியிருப்பதால் அவ்வளவு சுலபமாக ஏமாறாது.

அப்புறம் உப்புத்தாள், பழைய டூத்பிரஷ், கொஞ்சம் வாசலின், நல்ல இன்சுலேஷன் டேப்.

இரண்டு பக்கமும் எரியவில்லை. ஃபியூஸ் நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்து?

ஃபியூஸ் நன்றாக இருக்கிறது என்று எப்படித் தெரிந்தது? கண்ணால் பார்த்து என்றால் மறுபடி பாருங்கள். பிளேடு ஃபியூஸின் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் வெளியே தெரியும். டெஸ்ட் லேம்பின் கிளிப்பை பாடி எர்த்தில் மாட்டி, ஆணியால் இரண்டு புள்ளிகளையும் தொடுங்கள். இரண்டிலும் எரிந்தால்தான் ஃபியூஸ் நல்லது. ஒன்றில் மட்டும் எரிந்தால் போயிருக்கிறது. இரண்டிலும் எரியாவிட்டால் ஃபியூஸ் பெட்டிக்கே கரண்ட் வரவில்லை, அல்லது சாவி ஆன் ஆகவில்லை.

ஃபியூஸ் உட்காரும் காலும் பச்சை பூத்திருக்கலாம். உருவி, காலைச் சுரண்டி, மறுபடி அழுத்திப் போட்டாலே சரியான வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

அது சரி என்றால் பெடல் ஸ்விட்ச். ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டுப் பார்க்க வேண்டிய வேலை. இடுப்பு வலி உள்ளவர்கள் வீட்டுப் பையனைக் கூப்பிடுங்கள். பெடல் கம்பியின் மேல்பகுதியில் ஒரு சின்ன குமிழ் நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் ஸ்விட்ச். பெடல் சும்மா இருக்கும்போது அந்தக் குமிழை உள்ளே அழுத்தி வைத்திருக்கும். மிதித்ததும் குமிழ் வெளியே வந்து கான்டாக்ட் சேரும். அதில் இரண்டு கம்பி இருந்தால், ஒன்றில் மிதிக்காதபோதே டெஸ்ட் லேம்ப் எரிய வேண்டும், மிதித்தால் இரண்டிலும் எரிய வேண்டும். மிதித்தும் இரண்டாவதில் எரியவில்லை என்றால் ஸ்விட்ச் போயிற்று. உறுதி செய்ய, கப்ளரை (கம்பிகளைச் சேர்க்கும் பிளாஸ்டிக் செருகியை) கழற்றி அதன் இரண்டு முனைகளையும் ஒரு சின்னக் கம்பியால் இணையுங்கள். பின்னால் விளக்கு எரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

பழைய ஜீப் வகையில் சில வண்டிகளில் ஸ்விட்ச் பெடலில் இருக்காது, பிரேக் ஆயில் லைனிலேயே திருகியிருக்கும். ஆயில் அழுத்தம் ஏறினால்தான் வேலை செய்யும். மெதுவாக மிதித்தால் எரியாது, அழுத்தி மிதித்தால் எரியும் என்றால் அந்த ஸ்விட்ச் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதை மாற்றினால் ஆயில் கசியும், லைனில் காற்று ஏறும், அப்புறம் பிரேக்கை பிளீட் செய்து அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும். அதை வீட்டு வாசலில் வைத்துச் செய்யாதீர்கள்.

ஸ்விட்ச்சுக்குப் பின்னாலும் கரண்ட் வருகிறது, ஆனால் பின்னால் எரியவில்லை என்றால் நடுவில் எங்கேயோ அறுந்திருக்கிறது. கேபினிலிருந்து சேஸிஸுக்கு இறங்கும் இடத்துக் கப்ளர், சேஸிஸில் கம்பியைப் பிடித்திருக்கும் கிளிப்புகள், டயருக்கு மேலே போகும் பகுதி, இந்த மூன்று இடத்தையும் முதலில் தடவிப் பாருங்கள். ராத்திரி வயல் ஓரத்தில் நிற்கும் வண்டி என்றால் எலியையும் கணக்கில் சேருங்கள்.

பிரேக்கை விட்ட பிறகும் லைட் எரிந்துகொண்டே இருக்கிறது. காலையில் பேட்டரி டவுன்.

பெடல் மேலே வந்து ஸ்விட்ச் குமிழைத் தொடும் இடத்தில் பல வண்டிகளில் ஒரு சின்ன ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பொத்தான் இருக்கும். பத்துப் பன்னிரண்டு வருட வெயிலில் அது பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். பொத்தான் விழுந்த ஓட்டை வழியாகக் குமிழ் வெளியே வந்துவிடும். ஸ்விட்ச்சைப் பொறுத்தவரை டிரைவர் பெடலை மிதித்துக்கொண்டே இருக்கிறார். டிரைவர் பக்கத்து மிதியடியில் மர்மமான பிளாஸ்டிக் துண்டுகள் கிடந்தால் இதுதான். அவசரத்துக்கு ஓட்டையில் ஒரு போல்ட்டும் நட்டும் போட்டு ஊர் வந்து சேரலாம், பிறகு சரியான பொத்தானை வாங்கிப் போடுங்கள்.

அது நன்றாக இருந்தால் ஸ்விட்ச்சின் உயரத்தைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். நட்டைத் தளர்த்தி, பெடல் ஒரு விரல் அளவு இறங்கும் முன்பே விளக்கு எரியும்படியும், விட்டதும் அணையும்படியும் வையுங்கள். ஒரேயடியாக உள்ளே திருகிவிடாதீர்கள். ஸ்விட்ச் பெடலையே தள்ளிப் பிடித்தால் பெடல் முழுதாக மேலே வராது, மாஸ்டர் சிலிண்டரில் (பெடல் அழுத்தும் பிரேக் ஆயில் பம்ப்) ஆயில் திரும்பும் வழி அடைபட்டு பிரேக் லேசாகப் பிடித்துக்கொண்டே ஓடும். டிரம் சூடாகும், டீசல் கூடும். விளக்கைச் சரிசெய்யப் போய் பிரேக்கைக் கெடுத்த கதை இப்படித்தான் ஆரம்பிக்கும்.

பேட்டரிக் கணக்கு: இரண்டு 21 வாட் பல்ப் சேர்ந்து 42 வாட், அதாவது சுமார் 3.5 ஆம்பியர். ராத்திரி பத்து மணி நேரம் எரிந்தால் 35 ஆம்பியர்-மணி காலி. 70 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி போயிற்று. கொஞ்சம் வயதான பேட்டரியாக இருந்தால் குளிர்ந்த டீசல் இன்ஜினைச் சுற்ற அதில் தெம்பு இருக்காது. எத்தனையோ பேர் இதற்குப் புது பேட்டரி வாங்கியிருக்கிறார்கள்.

ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை. புது பல்ப் போட்டும் அப்படியே இருக்கிறது.

நம்முடைய பிக்கப்புகளில் பெரும்பாலும் ஒரே பல்பில் இரண்டு இழை இருக்கும். 5 வாட் இழை டெயில் லைட், 21 வாட் இழை பிரேக் லைட். அடியில் இரண்டு ஈயப் பொட்டு இருக்கும். பக்கவாட்டில் இருக்கும் இரண்டு ஆணிகளும் ஒரே உயரத்தில் இருக்காது, ஒன்று மேலே, ஒன்று கீழே. மாற்றிப் போட முடியாதபடி செய்த ஏற்பாடு அது. ஆனால் துருப்பிடித்த ஹோல்டரில் பலம் கொடுத்துத் திருகினால் மாறியும் உட்காரும். அப்போது டெயில் லைட் பளிச்சென்றும், பிரேக் பிடித்தால் சோகையாகவும் எரியும். ஒரே பொட்டு உள்ள ஒற்றை இழை பல்பை அதே ஹோல்டரில் அமுக்கிவிடுகிறவர்களும் உண்டு. அந்த ஒரு பொட்டு இரண்டு கான்டாக்ட்டையும் சேர்த்துத் தொட்டுவிட்டால் பிரேக் பிடிக்கும்போது டெயில் லைட் எல்லாம் எரியும், லைட் போட்டால் பிரேக் லைட் எரியும். இப்படி ஒரு பல்பைப் போட்டுவிட்டு ஒயரிங் முழுக்கப் பிரித்துப் போட்ட கடையில் நான் அரை நாள் உட்கார்ந்திருக்கிறேன்.

பல்ப் சரியானதுதான் என்றால் ஹோல்டருக்குள் பாருங்கள். அடியில் இருக்கும் இரண்டு கான்டாக்ட்டும் ஸ்பிரிங் மேல் நிற்க வேண்டும், விரலால் அமுக்கினால் திரும்ப எழ வேண்டும். துருவில் ஒட்டிக்கொண்டு அமுங்கியே கிடந்தால் பல்ப் தொடாது. பித்தளைப் பாகம் களிம்பு ஏறிப் பச்சையாக இருந்தால் உப்புத்தாளால் தேயுங்கள். கான்டாக்ட்டில் டெஸ்ட் லேம்ப் எரிகிறது, நல்ல பல்ப் எரியவில்லை என்றால் அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

பிரேக் பிடித்தால் பிரேக் லைட்டுக்குப் பதிலாக டெயில் லைட், நம்பர் பிளேட் லைட் எல்லாம் மங்கலாக எரிகிறது. பேய் பிடித்த மாதிரி இருக்கிறது.

எர்த் போயிருக்கிறது, வேறொன்றும் இல்லை. ஆனால் இந்த ஒரு கோளாறுக்குத்தான் ஜனங்கள் அதிகமாகச் செலவு செய்கிறார்கள். நானும் செய்தேன். ஒரு மாதத்தில் நாலு பல்ப், ஒரு ஸ்விட்ச், ஒரு முழு டெயில் லேம்ப் செட் மாற்றினேன். கடைசியில் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு வயதான எலக்ட்ரீஷியன் வண்டியைத் தொடவே இல்லை. "லைட்டப் போடுங்க தம்பி, இப்ப பிரேக்கப் புடிங்க" என்றார். லைட் போட்டதும் இடது பக்கம் மங்கலாக எரிந்தது, பிரேக் பிடித்ததும் அதுவும் அணைந்துவிட்டது. "எர்த்து" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அவர் பார்த்தது என்ன? இரண்டு இழைக்கும் பொதுவான முனை பல்பின் பித்தளை உடம்பு. அதிலிருந்துதான் எர்த்துக்குப் போக வேண்டும். அந்த வழி அடைபட்டால் பிரேக் இழை வழியாக வந்த மின்சாரம் போக்கிடம் இல்லாமல் டெயில் இழைக்குள் தலைகீழாக நுழையும். அங்கிருந்து டெயில் லைட் கம்பியைப் பிடித்து மறுபக்கத்து டெயில் லைட், நம்பர் பிளேட் லைட், டேஷ்போர்டு விளக்கு என்று எங்கெல்லாம் எர்த் கிடைக்குமோ அங்கெல்லாம் போய் இறங்கும். வாய்க்காலின் மடை அடைத்துக்கொண்டால் தண்ணீர் பக்கத்து வயலில் பாய்கிற மாதிரிதான். எல்லாம் மங்கலாக எரியும், எரிய வேண்டிய 21 வாட் இழை மட்டும் எரியாது.

லைட் போட்டு பிரேக் பிடித்தால் ஏன் அணைகிறது? அப்போது இரண்டு இழையின் மேல்முனையிலும் 12 வோல்ட் நிற்கிறது. இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம், நடுவே எர்த் இல்லை, ஓட்டமும் இல்லை. இந்த ஒரு அறிகுறி கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எர்த் என்று சொல்லலாம். இண்டிகேட்டரும் அதே எர்த்தில் இருந்தால் இண்டிகேட்டர் போடும்போது டெயில் லைட் சேர்ந்து கண்ணடிக்கும்.

சோதனை ஒரு நிமிடம். ஒரு கம்பியின் ஒரு முனையை ஹோல்டரின் உலோகப் பாகத்தில் வையுங்கள், மறுமுனையைச் சுரண்டிய சேஸிஸ் இரும்பில் அழுத்துங்கள். எல்லாம் சரியாக எரிந்தால் நோய் கண்டுபிடித்தாயிற்று.

மருந்து: பழைய எர்த் கம்பியோடு மல்லுக்கட்டாதீர்கள். ஹோல்டரிலிருந்து 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி ஒன்றைப் புதிதாக இழுத்து, முனையில் வளையம் வைத்து, சேஸிஸில் ஒரு போல்ட்டைக் கழற்றி, பெயிண்டைப் பளபளவென்று இரும்பு தெரியும்வரை சுரண்டி, பல் வாஷர் வைத்து முடுக்குங்கள். மேலே வாசலின் தடவுங்கள். பெயிண்டுக்கு மேலேயே போல்ட் போட்டால் எர்த் கொடுத்ததாகாது. நான் மாற்றிய டெயில் லேம்ப் செட்டையும் அப்படித்தான் மாட்டியிருந்தார்கள், புதுப் பெயிண்டின் மேல்.

எரிகிறது, ஆனால் மங்கல். பகலில் தெரியவே இல்லை.

முதலில் லென்ஸ். உள்ளே தூசியும் வெயிலில் வெளுத்த பிளாஸ்டிக்கும் வெளிச்சத்தில் பெரும்பங்கைச் சாப்பிடும். உள்ளே இருக்கும் வெள்ளிப் பூச்சு உரிந்திருந்தால் துடைத்துப் பயனில்லை, லேம்பை மாற்ற வேண்டியதுதான்.

அது சரியாக இருந்தால் வோல்ட்டேஜ் வழியில் தேய்கிறது. பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜ் குறையும் வேகத்தைவிட ரொம்ப வேகமாகக் குறையும். 13.5 வோல்ட் கிடைக்க வேண்டிய பல்புக்கு 10.5 கிடைத்தால் குறைவது மூன்று வோல்ட்தான், ஆனால் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். இங்கே மல்டிமீட்டர் வேண்டும். பிரேக்கை மிதித்து பல்ப் எரியும்போது, மீட்டரின் ஒரு முனையை ஹோல்டர் உடம்பிலும் மறுமுனையை பேட்டரி மைனஸிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்லது. ஒரு வோல்ட் காட்டினால் எர்த் கம்பியைப் பாருங்கள். எர்த் நல்லது என்றால் தேய்மானம் பிளஸ் பக்கம்: ஸ்விட்ச் கான்டாக்ட் கருகியிருக்கும், கப்ளர் பச்சை பூத்திருக்கும், அல்லது யாரோ முறுக்கி டேப் ஒட்டிய இணைப்புக்குள் தண்ணீர் போயிருக்கும். தொட்டுப் பார்த்தால் சூடாக இருக்கும் கப்ளர்தான் குற்றவாளி.

பிரேக் பிடித்தாலே ஃபியூஸ் போகிறது. பெரிய ஃபியூஸ் போட்டுவிடலாமா?

கூடாது. இரண்டு பல்பும் சேர்ந்து இழுப்பது 3.5 ஆம்பியர். சிவப்பு 10 ஆம்பியரோ நீலம் 15 ஆம்பியரோ ஃபியூஸ் பெட்டியின் மூடியில் என்ன போட்டிருக்கிறதோ அதுவே போதும். அது போகிறதென்றால் எங்கேயோ பிளஸ் கம்பி சேஸிஸைத் தொடுகிறது. அங்கே 30 ஆம்பியர் பச்சையைப் போட்டாலோ, சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றினாலோ அடுத்து உருகுவது கம்பி. அந்தக் கம்பிக்குப் பக்கத்தில்தான் டீசல் குழாய் போகிறது.

இப்படித் தொடுவதுதான் ஷார்ட், அதைத் தேட எனக்குப் பிடித்த வழி இது. பின்னால் இரண்டு பிரேக் பல்பையும் கழற்றிவிடுங்கள். ஃபியூஸ் இருந்த இடத்தில் இரண்டு கம்பி செருகி ஒரு 21 வாட் பல்பை மாட்டுங்கள். பெடலை மிதியுங்கள். ஷார்ட் இருந்தால் அந்த பல்ப் பளிச்சென்று எரியும், ஃபியூஸ் ஒன்றும் வீணாகாது. இப்போது பின்னாலிருந்து ஒவ்வொரு கப்ளராகக் கழற்றிக்கொண்டே முன்னால் வாருங்கள், கம்பியை ஆட்டியும் பாருங்கள். எதைத் தொட்டதும் பல்ப் அணைகிறதோ கோளாறு அங்கேதான். பெடலை மிதிக்காமலே எரிந்தால் ஷார்ட் ஸ்விட்ச்சுக்கு முன்னால், அல்லது அதே ஃபியூஸில் இருக்கும் வேறு எதிலாவது. சில வண்டிகளில் ஹாரனும் அதே ஃபியூஸைப் பங்கு போட்டுக்கொள்ளும்.

மேடு பள்ளத்தில் மட்டும் ஃபியூஸ் போகிறது என்றால் டயருக்கு மேலே கம்பி உரசுகிறதா என்று பாருங்கள். லோடு ஏறினால் மட்டும் போகிறது என்றால் பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே கம்பி நசுங்கியிருக்கிறது.

புதுசாகப் பின்பாடி கட்டியதிலிருந்துதான் இந்தத் தொல்லை.

ஆச்சரியமில்லை. பாடி கட்டும்போது டெயில் லேம்பைக் கழற்றி மாட்டுகிறார்கள், கம்பி எட்டவில்லை என்றால் கையில் கிடைத்ததை ஒட்டுப் போடுகிறார்கள், ஆங்கிளுக்கு அடியில் கம்பி மாட்டிக்கொள்கிறது. டெலிவரி எடுக்கும் முன் அங்கேயே எல்லா விளக்கையும் போட்டுப் பாருங்கள். வெல்டிங் செய்யும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றச் சொல்லுங்கள், வெல்டிங் எர்த் கிளாம்பை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கரண்ட் நம்முடைய மெல்லிய எர்த் கம்பி வழியாகப் பயணம் போகும்.

எல்.இ.டி. பல்ப் போட்டால் பிரச்சினை தீருமா?

எர்த் கோளாறு தீராது, வேஷம் மட்டும் மாறும். எல்.இ.டி.க்கு மிகக் கொஞ்சம் மின்சாரம் போதும் என்பதால் கசிவில்கூட லேசாக எரிந்துகொண்டே இருக்கும், பிரேக் எப்போது பிடித்தோம் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. மலிவான இரட்டை எல்.இ.டி.களில் டெயிலுக்கும் பிரேக்குக்கும் வெளிச்ச வித்தியாசமே இல்லை. கட்டாயம் போடத்தான் வேண்டும் என்றால் சிவப்பு லென்ஸுக்குள் சிவப்பு எல்.இ.டி. போடுங்கள். வெள்ளை எல்.இ.டி.யில் சிவப்புப் பங்கு குறைவு, லென்ஸ் மீதியை வடிகட்டிவிடும். நான் சாதா பல்புக்கே திரும்பிவிட்டேன்.

வீடியோவில் ஸ்டியரிங் இண்டிகேட்டர் ஸ்விட்ச்சை மாற்றச் சொல்கிறார்களே?

அது அமெரிக்க பிக்கப். அங்கே பழைய வண்டிகளில் பின்பக்கம் ஒரே சிவப்பு இழை பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் சேர்த்து வேலை செய்யும். அதனால் பிரேக் கம்பி இண்டிகேட்டர் ஸ்விட்ச்சுக்குள் போய்த்தான் பின்னால் வருகிறது, அந்த ஸ்விட்ச் தேய்ந்தால் ஒரு பக்க பிரேக் லைட் போகும். அவர்கள் சொல்வது அவர்கள் வண்டிக்குச் சரி. நம் வண்டியில் இண்டிகேட்டர் தனி மஞ்சள் விளக்கு, தனி வழி. ஸ்டியரிங்கைப் பிரிக்க வேண்டாம்.

டேஷ்போர்டில் சிவப்பாக பிரேக் விளக்கு எரிகிறது. அதுவும் இதுதானா?

இல்லை, அது வேறு. ஹேண்ட்பிரேக் முழுதாக இறங்கவில்லை, அல்லது பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது. ஹேண்ட்பிரேக்கை இறக்கியும் அணையவில்லை என்றால் ஆயில் டப்பாவைப் பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றிவிட்டுக் கிளம்பாதீர்கள், எங்கே கசிகிறது என்று தெரியாமல் லோடு ஏற்ற வேண்டாம்.

எலக்ட்ரானிக் ஆக்சிலேட்டர் உள்ள காமன் ரெயில் (கம்ப்யூட்டர் டீசலை அளந்து விடும் வகை) வண்டிகளில் இன்னொன்று உண்டு. அதில் பிரேக் ஸ்விட்ச்சில் இரண்டு ஜோடி கான்டாக்ட் இருக்கும், ஒன்று விளக்குக்கு, ஒன்று கம்ப்யூட்டருக்கு. ஸ்விட்ச் பழுதானால் இன்ஜின் விளக்கு எரியலாம், வண்டி இழுக்காமல் போகலாம். அந்த ஸ்விட்ச்சில் கம்பி வைத்து இணைத்துப் பார்க்கும் வித்தையெல்லாம் வேண்டாம்.

எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) போகும்போது பிரேக் லைட்டைப் பார்ப்பார்களா?

பார்ப்பார்கள். சரக்கு வண்டி 8 வருடம் தாண்டிவிட்டால் ஆண்டுக்கு ஒரு முறை எஃப்.சி. காட்ட வேண்டும், அதற்கு முன்புவரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. நடுவில் ரோட்டில் பிடித்தால் மோட்டார் வாகனச் சட்டம் 177ஆம் பிரிவின் பொது அபராதம்: 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறை 500 ரூபாய் வரை, அடுத்த முறைகளில் 1,500 ரூபாய் வரை. நல்ல பல்ப் இருந்தும் பின்கதவைத் தொங்கவிட்டு லேம்பை மறைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள் எங்கள் ஊரில் நிறைய. கீற்றும் மூங்கிலும் ஏற்றினால் கேட்கவே வேண்டாம். விளக்கு எரிகிறதா என்பதோடு, பின்னால் வருகிறவருக்குத் தெரிகிறதா என்றும் இறங்கிப் போய்ப் பாருங்கள்.

மீன் லோடும் உப்பு லோடும் அடிக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஹோல்டர் அரித்துவிடுகிறது.

ஐஸ் உருகி வழியும் உப்புத் தண்ணீர் பின்கதவு இடுக்கு வழியாக நேராக டெயில் லேம்ப் தலையில்தான் விழும். முதலில் அந்த வழியை மாற்றுங்கள். லேம்புக்கு மேலே ஒரு தகரத் தாழ்வாரம் அடித்து, தண்ணீர் நடுவில் வடியும்படி தளத்தில் ஒரு குழாய் வையுங்கள். லேம்புக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் மூடியைத் தொலைத்திருந்தால் வாங்கிப் போடுங்கள். கம்பி ஹோல்டருக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு விட்டு மேலே ஏறட்டும், அப்போதுதான் கம்பியில் ஓடிவரும் தண்ணீர் வளைவில் சொட்டி விழும். ஒட்டுப் போட்ட இடங்களை ஈயம் வைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடுங்கள். ஹோல்டரிலும் பல்பின் பித்தளையிலும் வாசலின். லோடு இறக்கியதும் நல்ல தண்ணீரால் பின்பக்கத்தைக் கழுவுங்கள், ஆனால் வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை லேம்புக்கு நேராகப் பிடிக்க விடாதீர்கள்.

இவ்வளவும் செய்த பிறகு எனக்கு மூன்று மாதம் பதினோரு மாதமாக நீண்டிருக்கிறது. ஐப்பசி பிறக்கும் முன் இரண்டு ஹோல்டரையும் கழற்றித் துடைத்து மாட்டிவிடுகிறேன், கழற்றும்போது எர்த் போல்ட்டையும் ஒரு சுற்று முடுக்கிவிடுவேன்.